பயமுறுத்துற இங்கிலீஷ் வார்த்தைக்கெல்லாம் வேர் காட்டுற சைட்டு, எட்டிமான்லைன்

வட்டிக்குக் குடுத்தவர் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு, சத்தம் போடல, மிரட்டல, சிரிச்சுக்கிட்டே "பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்குது"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிடுறாரு. அவர் போனதும் வீட்டம்மா "அவரு சிரிப்பே சரியில்லங்க"ங்குறாங்க. இந்த ஒரு வரிக்கு இங்கிலீஷ்ல என்ன போடுறது?

நான் குறும்படங்களுக்கு சப்டைட்டில் எழுதுறவன், முக்காவாசி த்ரில்லர், பேய்ப்படம்தான் வரும். அந்த சீனுக்கு, ஒரே மாதிரி அர்த்தம் வர்ற வார்த்தைகளைக் காட்டுற ஒரு தெசாரஸ் ஆப்ல 'ஸ்கேரி'ன்னு அடிச்சேன், டெரிஃபையிங், காஸ்ட்லி (விலை இல்ல, ghastly), ஈரி, சினிஸ்டர், மெனசிங், ஆமினஸ்னு எல்லாத்தையும் ஒரே வரிசையில கொட்டிடுச்சு. எது எங்க பொருந்தும்னு ஒரு வார்த்தை இல்ல. பயம்னா எல்லாம் ஒரே பயமா? அப்பத்தான் எட்டிமான்லைன் சைட்டுக்குப் போனேன், டக்ளஸ் ஹார்ப்பர்னு ஒரு அமெரிக்கர் ஆரம்பிச்ச சொற்பிறப்பு அகராதி, ஆன்லைன்ல இலவசமா படிக்கலாம். அன்னையில இருந்து இது இல்லாம நான் ஒரு சப்டைட்டில் ஃபைலும் அனுப்புறதில்ல.

'சினிஸ்டர்'னு போட்டுப் பாருங்க. லத்தீன்ல அதுக்கு இடது பக்கம்னு அர்த்தம். இடப்பக்கம்னாலே ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை, அதுல இருந்துதான் கெட்ட எண்ணத்தை உள்ள மறைச்சு வச்சிருக்குற விஷயத்துக்கு வந்து சேர்ந்திருக்கு. நம்ம ஊர்லயும் இடது கையில எதையாவது நீட்டினா வாங்க மாட்டாங்கல்ல, அதனால படிச்ச உடனே மனசுல நின்னுடுச்சு. வட்டிக்காரர் சிரிப்புக்கு அதைத்தான் போட்டேன்.

'மெனஸ்' வேற ரகம். அதோட லத்தீன் வேருக்கு முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கிறதுன்னு பொருள், மவுன்டன், இமினென்ட், ப்ராமினென்ட் எல்லாம் அதே குடும்பம்தான். அதாவது தலைக்கு மேல ஒரு பாறை நீட்டிக்கிட்டு நிக்குது, இப்ப விழுமோ அப்ப விழுமோன்னு இருக்கு, அந்தப் பயம். ஆள் அரிவாளோட நேரா வந்து நிக்கிற சீனுக்கு மெனசிங் சரியா உக்காரும், ஆனா சிரிச்சுக்கிட்டு ஸ்கூல் பேரு கேக்குறவருக்கு அது கொஞ்சம் வெளிப்படையாப் போயிடும்னு எனக்குத் தோணுச்சு. ஆமினஸ் சொல்லவே வேணாம், ஓமன்ல இருந்து வந்தது, சகுனம். அதனால அது ஆளை விட வானம், அமைதி, நாய் ஊளை, ராத்திரி வர்ற போன் கால் மாதிரி விஷயங்களுக்குத்தான் நல்லா ஒட்டும், கெட்டது இன்னும் நடக்கல ஆனா வரப்போகுதுன்னு சொல்ற வார்த்தை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஈரி. ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்துப் பக்கத்து வார்த்தை. முதல்ல பயந்த சுபாவம் உள்ள ஆளைத்தான் அப்படிச் சொல்லியிருக்காங்க, அப்புறம் 18ஆம் நூற்றாண்டு வாக்குல பயமுறுத்துற இடத்துக்கு மாறிடுச்சு. தமிழ்ல 'எனக்கு பயமா இருக்கு'ன்னும் சொல்றோம், 'அந்தக் கிணத்துப் பக்கம் பயமா இருக்கு'ன்னும் சொல்றோம், ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானே! பாட்டி பேரன்கிட்ட "அந்தப் பக்கம் போகாதடா, ஒரு மாதிரி இருக்கும்"னு சொல்ற வசனத்துக்கெல்லாம் இப்ப தயங்காம ஈரி போடுறேன்.

ஹாரர் எடுத்துக்கோங்க, லத்தீன்ல முடி குத்திட்டு நிக்கிறதுன்னு அர்த்தம், நம்ம மயிர்க்கூச்செறியறது அப்படியே அதுதான். நைட்மேர்ல இருக்குற மேர் பெண்குதிரைன்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன், அது இல்லயாம், தூங்குறவங்க நெஞ்சு மேல ஏறி உக்கார்ற பேய்க்குப் பழைய இங்கிலீஷ்ல அந்தப் பேரு. ஊர்ல அமுக்குவான்னு சொல்லுவாங்களே, அதே ஆளு.

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு தொல்காப்பியம் ஞாபகம் வந்துச்சு. உணர்ச்சிகள் உடம்புல வெளிப்படுறதைச் சொல்ற மெய்ப்பாட்டியல்ங்குற பகுதியில அச்சம் எதுல இருந்து வரும்னு நாலு சொல்லியிருக்கும், அணங்கு (பேய், தெய்வம் மாதிரி), விலங்கு, கள்வர், தம் இறை (தன்னோட அரசன்). இப்ப சப்டைட்டில் எழுதும்போது முதல்ல இது இந்த நாலுல எந்தப் பயம்னுதான் கேட்டுக்குறேன். அணங்குன்னா ஈரி, அன்கேனி (இயல்பா இல்லாம விசித்திரமா உறுத்துறது) பக்கம் போறேன், விலங்குன்னா ஃபியர்ஸ், கள்வர்னா மெனசிங் சினிஸ்டர், பெரிய இடத்து ஆள் எதிர்ல நிக்கிற பயம்னா ஃபார்மிடபிள். இந்தப் பொருத்தம் நானா போட்டுக்கிட்டதுதான், ஆனா வேலைக்கு அவ்வளவு உதவுது.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, வேர் தெரிஞ்சா போதும்னு நினைச்சு இறங்கிடாதீங்க. டெரிஃபிக் 17ஆம் நூற்றாண்டுல நிஜமாவே பயமுறுத்துறதுன்னுதான் இருந்துச்சு, இன்னைக்கு 'பேய் டெரிஃபிக்கா இருந்துச்சு'ன்னு எழுதினா பேயைப் பாராட்டுறீங்கன்னு படிப்பாங்க. நாமளும் 'பயங்கரமான சாப்பாடு', 'பயங்கர ஹிட்டு'ன்னு சொல்றோமே, அதே கதைதான். இன்னைக்கு மக்கள் எப்படிப் புழங்குறாங்கன்னு வாக்கியம் வாக்கியமா காட்டுறது இந்த சைட்டோட வேலை இல்ல. அதுக்கு நான் ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியைத்தான் பக்கத்துல வச்சுக்குறேன், ஜப்பான்ல இங்கிலீஷ் சொல்லிக்குடுத்த ஹார்ன்பி உருவாக்கினது, ஆக்ஸ்ஃபோர்ட் அதை வெளியிட்டது 1948ல, வேற தாய்மொழிக்காரங்களுக்குன்னே எழுதினது அதனால உதாரணம் எல்லாம் நமக்குப் புரியுற மாதிரி இருக்கும்.

எட்டிமான்லைன்ல எழுத்து கொஞ்சம் நெருக்கமா இருக்கும், ஒரே பத்தியில நாலு மொழி வரும், முதல் ரெண்டு நாள் தலை சுத்தும். விட்டுடாதீங்க. வேர்ச்சொல் மேல தட்டினா அந்தக் குடும்பமே திறக்கும், மெனஸும் மவுன்டனும் சொந்தக்காரங்கன்னு எனக்கு அப்படித்தான் தெரிஞ்சது.

ஆரம்பிக்கிறவங்க 'டிஸ்மல்'னு அடிச்சு ஆரம்பிங்க. லத்தீன்ல கெட்ட நாட்கள்னு பொருள், பழைய ஐரோப்பிய காலண்டர்ல மாசத்துக்கு ரெண்டு நாள் ஆகாத நாள்னு குறிச்சு வச்சிருந்தாங்க. நம்ம வீட்டு டெய்லி காலண்டர்ல கரிநாள்னு போட்டிருக்கும்ல.