இம்மிச் ஓடுகிறது, அம்மாவின் போன்தான் தூங்குகிறது

கூகுள் இலவசமாகக் கொடுக்கும் 15 ஜிபி இடம் நிரம்பிவிட்டதாம், “உங்க வீட்டு இம்மிச் எப்படி ஓடுது, நானும் போட்டுரலாமா” என்று கூட வேலை பார்க்கும் நண்பர் கேட்டார். இம்மிச் என்பது போனில் எடுக்கும் படங்களைக் கூகுளுக்குப் பதிலாக நம் வீட்டுக் கணினியிலேயே சேமித்து வைக்கும் மென்பொருள். டீக்கடையில் நின்று சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

போடுவதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. பழைய மினி பிசி, 8 ஜிபி ராம், டெபியன் என்ற லினக்ஸ், உள்ளே 2 டிபி எஸ்எஸ்டி. அவர்கள் தரும் டாக்கர் கம்போஸ் கோப்பை (மென்பொருளை எப்படி ஓட்டுவது என்று கணினிக்குச் சொல்லும் சின்னக் கோப்பு) இறக்கி, படங்கள் எங்கே போகணும், ஆல்பம், முகப் பெயர் எல்லாம் பதிந்துவைக்கும் டேட்டாபேஸ் எங்கே இருக்கணும் என்று இரண்டு இடத்தை மாற்றிவிட்டு ஓடவிட்டால் சரி. டேட்டாபேஸை மட்டும் நெட்வொர்க் டிரைவில் வைக்காதீர்கள். இதே வேலை செய்யும் போட்டோபிரிசத்தையும் பார்த்தேன், அதற்கென்று சொந்தமாகப் போன் ஆப் இல்லை என்றதும் விட்டுவிட்டேன். கோப்பு, காலண்டர் என்று எல்லாம் வைக்கும் நெக்ஸ்ட்கிளவுட்டில் படம் என்பது பத்து வேலைகளில் ஒரு வேலை. எண்டே என்ற இன்னொன்று நல்லதுதான், ஆனால் சர்வருக்கே படம் தெரியாதபடி எல்லாவற்றையும் பூட்டி வைப்பதால் முகம் தேடும் வேலையைப் போனே செய்யணும், எங்கள் வீட்டுப் போன்களுக்கு அவ்வளவு தெம்பு இல்லை.

இம்மிச்சை மனதாரப் பாராட்ட வேண்டிய இடம் முகங்கள். மாமா கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்து ஏற்றினேன். பந்திப் படம் ஒன்றில், சாம்பார் வாளிக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிகிற ஒரு பெண்ணைப் பெரியத்தையின் இப்போதைய படங்களோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அத்தைக்கே அனுப்பிக் கேட்டேன், “ஆமா, நான்தான், அந்தச் சேலையை யார்கிட்ட கொடுத்தேன்னு தெரியலை” என்றார். அதே மென்பொருள் அப்பாவையும் சித்தப்பாவையும் ஒரே ஆள் என்று சாதிக்கிறது, பிரித்துவிட்டாலும் புதுப் படம் வந்தால் மறுபடி குழம்புகிறது. படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தேடித்தர முதலில் வரும் ஏஐ மாடலுக்குத் தமிழ் சுத்தமாகப் புரியாது. பல மொழி தெரிந்த மாடலுக்கு மாற்றி எல்லாப் படத்தையும் மறுபடி ஓடவிட்டேன், இப்போது ‘வாழை இலை’ என்றால் பந்திகள் வருகின்றன. ‘வளைகாப்பு’ என்றால் பட்டுப்புடவை கட்டிய எல்லாரும் வருகிறார்கள், அதுவும் பரவாயில்லை.

சரி, இனி புலம்பல். நான் கோவையில், அம்மா திருநெல்வேலியில். என் இணைய இணைப்பில் தனி பொது ஐபி (இணைய முகவரி) கிடையாது, பலரை ஒரே ஐபிக்குப் பின்னால் அடைத்து வைத்திருக்கிறார்கள், அதனால் வெளியிலிருந்து நேராக என் பெட்டிக்கு வர முடியாது. தொலைவில் இருக்கும் கருவிகளை ஒரே தனி வலையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் ஆப் போட்டு அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் இப்போது அம்மா போனில் இம்மிச், டெயில்ஸ்கேல் என்று இரண்டு ஆப் பின்னணியில் உயிரோடு இருக்க வேண்டும், அந்தப் போனோ திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் இரண்டையும் கொன்றுவிடுகிறது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறதாம்! அமைப்புகளுக்குள் போய் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கணும், ஆட்டோஸ்டார்ட் என்று வேறொரு மூலையில் ஒளிந்திருப்பதை ஆன் செய்யணும், கடைசியாகத் திறந்த ஆப்களின் வரிசையில் பூட்டுக் குறியை அழுத்தணும். ஊருக்குப் போகும்போதெல்லாம் இதைச் செய்துவிட்டு வருகிறேன். ஒரு சிஸ்டம் அப்டேட் வரும், ஆட்டோஸ்டார்ட் தானாக அணைந்திருக்கும். போதாததற்கு அவர் வங்கி ஆப் விபிஎன் இருந்தால் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அவர் டெயில்ஸ்கேலை அணைப்பார், பென்ஷன் வந்ததா என்று பார்ப்பார், மறுபடி ஆன் செய்ய மறந்துவிடுவார். “படம் எடுத்தா உனக்குத் தானா வந்துரும்னு சொன்னே, வரலைன்னா நான் என்னடா பண்ண?” என்று கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

இது இம்மிச்சின் தவறு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேட்டரி கெடுபிடியை எப்படித் தளர்த்துவது என்று காட்ட, போன் வாரியாக வழி சொல்லும் ஒரு தளத்துக்கு ஆப்பே இணைப்பு கொடுக்கிறது. அவர்களால் அவ்வளவுதான் முடியும். முன்பெல்லாம் இன்னும் மோசம், பிளே ஸ்டோர் ஆப்பைத் தானாக அப்டேட் செய்துவிடும், நான் சர்வரை அப்டேட் செய்யாமல் வைத்திருப்பேன், இரண்டும் பேசிக்கொள்ளாது. 2025 அக்டோபரில் இம்மிச் 2.0 வந்து ‘இனி நிலையானது’ என்று அறிவித்த பிறகு அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. படங்களை வைக்க இதை மட்டுமே நம்பாதீர்கள் என்று அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள், அந்த நேர்மை பிடித்தது. ஆகவே வெளி டிஸ்க் ஒன்றில் தினமும் ஒரு பிரதி போகிறது. படங்களை மட்டும் நகலெடுத்தால் போதாது, இரவு 2 மணிக்கு இம்மிச்சே எடுத்துவைக்கும் டேட்டாபேஸ் நகலும் சேர்ந்து போகணும், இல்லையென்றால் ஆல்பம், முகப் பெயர் எல்லாம் போச்சு.

மின்சாரம் பெரிய செலவில்லை, என் பெட்டி சுமார் 12 வாட், மாதம் 9 யூனிட்டுக்குள். சர்வர் பக்கம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. இருந்தும் நண்பருக்கு என் பதில், போடாதீர்கள், கூகுளுக்கு மாதம் 130 ரூபாய் கட்டி 100 ஜிபி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா அம்மாவும் வெளியூரில்தான் இருக்கிறார்கள். நான் என்னுடையதை எடுக்கப் போவதில்லை, அது வேறு விஷயம், வாளிக்குப் பின்னாலிருந்து அத்தையைப் பிடித்துக் கொடுத்த பெட்டியை எப்படி எடுப்பது.

அப்படியும் போட்டே தீருவேன் என்றால் முதலில் அவர்கள் கையில் இருப்பது எந்த மாடல் போன் என்று சொல்லுங்கள், ராம் எவ்வளவு என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.