கிளாப்டன் ஸ்ட்ராட்டில் மூன்று செட் பிக்கப்: ஒன்பது வருட அனுபவம்

பிரிட்டிஷ் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் பெயரில் ஃபெண்டர் கம்பெனி போடும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) எலெக்ட்ரிக் கிடாரை 2015-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப்பைப் பற்றியெல்லாம் அப்போது யோசிக்கவே இல்லை. கழுத்து பிடித்திருந்தது, வாங்கிவிட்டேன். உள்ளங்கையில் லேசாக முதுகு தட்டும் 'வி' வடிவக் கழுத்து அது. கிளாப்டன் 1970-இல் நாஷ்வில்லில் பழைய ஸ்ட்ராட்டுகளை வாங்கி, மூன்றின் பாகங்களைக் கோத்து 'பிளாக்கி' என்று ஒன்றைத் தேற்றினாரே, அதை மனதில் வைத்துச் செய்தது.

இந்த மாடல் 1988-இல் வந்தபோது அதில் இருந்தவை கோல்ட் லேஸ் சென்சார் பிக்கப்கள். 2001-இல் ஃபெண்டர் அதை எடுத்துவிட்டு விண்டேஜ் நாய்ஸ்லெஸ் போட்டது. அன்று முதல் இரண்டு கட்சி. 'பழசுதான் பழசு' என்று ஒரு கூட்டம், 'கேட்கவே வித்தியாசம் தெரியாது' என்று இன்னொரு கூட்டம். இரண்டையும் ஒரே மரத்தில் மாட்டி வாசித்துப் பார்த்தவன் நான். நடுவில் சாதாரண சிங்கிள் காயிலும் ஒரு ஏழு மாதம் இருந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

சிங்கிள் காயில் என்பது காந்தத்தைச் சுற்றிய ஒரே சுருள். கம்பி அதிர்வதையும் பிடிக்கும், பக்கத்தில் ஓடும் கரண்டையும் பிடிக்கும். வீட்டில் வாசித்தபோது சொர்க்கம். கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப்பில், பல கம்பிகளைச் சேர்த்து ஒரு கார்டு (chord) தட்டினால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. அப்படியே ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மேடையின் இரண்டு பக்கமும் எல்.இ.டி. விளக்குக் கம்பம், பின்னால் வீடியோ சுவர். ஆம்ப்பை ஆன் செய்ததும் 'ங்ங்ங்' என்று ஒரு குளவிக்கூடு. மிக்ஸரில் இருந்த தம்பி ஓடி வந்து, "அண்ணே, கிடார் சானல்ல ஏதோ வருதுண்ணே" என்றார். எனக்கும் கேட்கத்தான் செய்தது. பாடகிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து ஒருக்களித்து நின்றால் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. அந்தக் கச்சேரி முழுக்க அப்படியே நின்று வாசித்தேன். கல்யாண வீடியோவில் என் முகமே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், இந்த கிடாரின் உள்ளே ஒரு ஆக்டிவ் பூஸ்ட் இருக்கிறது. ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும். கடைசிக் குமிழைத் திருப்பினால் நடு அலைவரிசைகள் 25 டெசிபல் வரை ஏறும். சிங்கிள் காயிலின் மெல்லிய சத்தம் கொழுத்து, இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் மாதிரி ஆகிவிடும். ஆனால் அந்தச் சர்க்யூட்டுக்கு ராகமும் தெரியாது, இரைச்சலும் தெரியாது. வருவது எல்லாவற்றையும் தூக்கிவிடும். குமிழைத் திருப்பத் திருப்ப என் குளவிகளும் கூடவே வளர்ந்தன. இந்த மாடலில் ஏன் ஆரம்பத்திலிருந்தே இரைச்சல் இல்லாத பிக்கப்பாகவே போடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கிடார் கலைஞர் டேவிட் கில்மோர் பெயரில் 2008-இல் வந்த கருப்பு ஸ்ட்ராட்டில் சாதாரண சிங்கிள் காயில்கள்தான். கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் சீமோர் டங்கன் கம்பெனியின் எஸ்.எஸ்.எல்-5 பிக்கப். அதில் இந்த பூஸ்ட் கிடையாது, அதனால் அங்கே அது சரிப்படும். இன்னொருவர் கிடாரில் நன்றாக இருக்கிறதே என்று பிக்கப்பை மட்டும் பிடுங்கி வந்து நடுவதில் அர்த்தம் இல்லை.

கிடாரோடு வந்த விண்டேஜ் நாய்ஸ்லெஸ் செட்டுக்கு வருகிறேன். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சுருள், ஆல்னிகோ காந்தம். கீழ்ச் சுருள் மேலே பிடித்த இரைச்சலை அழித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஸ்ட்ராட் பிக்கப் போலவே ஆறு காந்த முனைகள் தெரியும். நான்கு வருடம் இதில்தான் வாசித்தேன். மேடையில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் பூஸ்ட்டைப் பூஜ்யத்தில் வைத்து, மெதுவாக ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக) வாசிக்கும்போதுதான் ஒரு விறைப்பு தெரியும். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் விரல் அழுத்தத்துக்குத் தகுந்த ஏற்ற இறக்கம் குறைவு.

இன்னொரு தொந்தரவு, உயரம். பிக்கப்பைக் கம்பிக்குக் கிட்டே ஏற்றினால் காந்தம் தடித்த கம்பியை இழுக்கும். பன்னிரண்டாம் கட்டுக்கு (ஃப்ரெட்) மேலே ஆறாவது கம்பியைத் தட்டினால் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிரிந்து அலையும், ட்யூனரின் முள் நிலைகொள்ளாது. நான் முதலில் கிடார்தான் கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். தடித்த கம்பிப் பக்கம் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக இடைவெளி விட்டதும் அடங்கியது.

சிங்கிள் காயில் பரிசோதனைக்கு அப்புறம், பழைய கோல்ட் லேஸ் சென்சார் செட் ஒன்று கிடைத்தது. மாட்டித் தந்தவர் நடு பிக்கப்பின் இரண்டு ஒயரையும் மாற்றிப் பற்றவைத்துவிட்டார். தனித்தனியாக மூன்றும் நன்றாகவே ஒலித்தன. பிக்கப் சுவிட்ச்சை, நடு பிக்கப் இன்னொன்றோடு சேர்ந்து ஒலிக்கும் இரண்டாம், நான்காம் இடங்களில் வைத்தால் மட்டும் பேஸ் காணாமல் போய், மூக்கடைத்தவன் டெலிபோனில் பேசுவது போல வந்தது. சால்டரிங் ஐயனைச் சூடாக்கி, வெள்ளையையும் கருப்பையும் நானே இடம் மாற்றினேன். ஈயம் உருகி ஒரு சொட்டு ஒளிர்ந்து அடங்கிய அடுத்த நிமிடமே, அந்த இரண்டு இடங்களும் உயிரோடு திரும்பி வந்தன. புதிதாக மாற்றுபவர்கள் மூடியைத் திருகும் முன் இதைச் சோதித்துவிடுங்கள்.

லேஸ் சென்சாரில் காந்த முனைகள் தெரியாது, மேலே வழவழவென்று மூடி. காந்த இழுப்பு மிகக் குறைவு என்பதால் கம்பிக்கு எவ்வளவு கிட்டே வேண்டுமானாலும் ஏற்றலாம். எனக்கு இது பெரிய வரம், ஏனென்றால் நான் இழுத்து இழுத்து வாசிக்கிறவன். காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்குக் கம்பியை இழுத்து அங்கேயே ஆட்டிக்கொண்டிருந்தால், நாய்ஸ்லெஸ்ஸைவிட இதில் நாதம் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. உச்சஸ்தாயியில் கண்ணாடிப் பளபளப்பு குறைவு என்று சிலர் சொல்வது உண்மைதான். சிங்கிள் காயிலோடு ஒப்பிட்டால் ஒரு சுற்று மங்கல். டி.பி.எக்ஸ். டோன் குமிழை நடுவில் தட்டி நிற்கும் இடத்துக்கு மேலே கொஞ்சம் திருப்பினால் பாதி சரியாகிவிடும்.

பூஸ்ட்டைப் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டால் எந்த செட் உள்ளே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. எங்கள் கீபோர்ட் அண்ணனைத் திரும்பி உட்காரச் சொல்லி, இரண்டு செட்டிலும் முன்பே பதிந்து வைத்திருந்த ஒரே லீடைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானேப்பா" என்றார். எப்போதும் லீட் வாசிப்பவர், கடையில் வந்தபடியே வைத்துக்கொள்ளலாம். மாற்றும் பணம் மிச்சம். என்னைப் போல முக்கால்வாசி நேரம் பூஸ்ட் இல்லாமல் க்ளீனாக வாசிப்பவருக்கு லேஸ்.

பேட்டரி விஷயம் மூன்றுக்கும் பொது. ஜாக்கில் கேபிள் சொருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். தீர்ந்தால் மாற்று வழி கிடையாது, கிடார் ஊமை. ஒரு முறை பல்லவி முடிவதற்குள் சத்தம் கரகரத்து, சரணத்தில் நின்றேபோனது. அன்றிலிருந்து கேஸில் எப்போதும் இரண்டு பேட்டரி.

நாய்ஸ்லெஸ் செட் இப்போது அக்கா மகன் கிடாரில் இருக்கிறது. சும்மா போட்டுப் பார்க்கிறேன் என்று வாங்கிப் போனான். திருப்பிக் கேட்டால், "இந்த முகூர்த்தம் எல்லாம் முடியட்டும் மாமா" என்கிறான்.