பனிக்கு அடியில் இரண்டு இதயங்கள்: குரூசியன் கெண்டையும் பெயின்டட் ஆமையும்

உறைந்த குளத்தின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோனாலும் இரண்டும் பிழைத்துக்கொள்கின்றன. இரண்டின் இதயமும் கிளைகோஜனை, அதாவது உடலில் சேமித்துவைத்த சர்க்கரையை, உடைத்தே ஓடுகிறது. அதை உடைக்கும் நொதிகளின் வேகம், அவற்றில் பாஸ்பேட் என்ற சிறு வேதித்துணுக்கு ஒட்டுவதாலும் கழல்வதாலும் மாறும். மற்றபடி வழிகள் வேறு.

வட அமெரிக்காவின் பெயின்டட் ஆமை சிக்கனக்காரி. 3 டிகிரி குளிரில் இதயம் நிமிடத்துக்கு ஒருமுறை துடித்தாலே அதிகம். தேவை சரிந்துவிடுவதால் எரிபொருளும் மெல்லவே கரைகிறது. ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரை உடைவதால் சேரும் லாக்டிக் அமிலத்தை ஓட்டின் கார்பனேட் சமன்செய்கிறது. மூன்று மாதத்துக்கு மேலும் தாங்கும்.

ஐரோப்பாவின் குரூசியன் கெண்டைதான் என்னை அசர வைக்கிறது. 8 டிகிரியில் ஐந்து நாள் ஆக்சிஜனே இல்லாமல் வைத்துப் பார்த்தபோதும் அதன் இதயம் வழக்கம்போல ரத்தத்தை இறைத்தது! இதயத்தில் உண்டாகும் லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் மறுவடிவம்) ரத்தத்தோடு உடல் தசைக்குப் போகிறது. அங்கே பைருவேட் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி இருக்கிறது. முதுகெலும்பிகளில் இது மிக அபூர்வம். அதன் உதவியால் லாக்டேட் எத்தனால் என்ற ஆல்கஹாலாகி, செவுள் வழியே தண்ணீரில் கலந்துவிடும். அமிலம் அதிகம் தேங்குவதில்லை. ஆனால் வெளியேறிய எத்தனால் திரும்பாத எரிபொருள். கல்லீரலில் கிளைகோஜன் இருக்கும்வரைதான் இந்த ஓட்டம்.