பாளையங்கோட்டை ஆய்வகத்தில் ஓர் ஆர்கன் பாத்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் மருந்தியல் ஆய்வகத்துக்குச் சென்ற ஆடி மாதம் வந்து சேர்ந்த ஒற்றை அறை ஆர்கன் பாத்தை (உடலிலிருந்து எடுத்த திசுவை உயிரோடு வைத்து மருந்தின் விளைவைப் பதிவு செய்யும் கருவியை) வாங்கலாமா என்று தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் சக ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், ஓராண்டு அனுபவத்தை எழுதுகிறேன். கருவி ஹரியானாவின் அம்பாலாவில் செய்யப்பட்டது. நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். தசையைச் சுருங்கச் செய்யும் நரம்புவேதிப்பொருளான அசிட்டைல்கோலின் பாடத்துக்கு மட்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம். குடல் மென்தசையின் மீது ஒரு நியூரோபெப்டைடு (நரம்புச் செல்கள் வெளியிடும் சிறு அமினோ அமிலச் சங்கிலி) என்ன செய்கிறது என்று காட்ட விரும்புவோர், கழிவுக் குழாயின் திருகையும் காற்றுக் குழாயையும் மாற்றிய பிறகே தொடங்க வேண்டும்.

கருவியில் 25 மி.லி. கொள்ளும் இரட்டைச் சுவர்க் கண்ணாடி அறை, அதைச் சுற்றி 37 டிகிரி வெந்நீரை ஓடவிடும் தொட்டி, கணினியோடு இணையும் விசை உணரி ஆகியவை உள்ளன. கினிப் பன்றியைக் கொல்ல வேண்டாம் என்பதால், மேலப்பாளையத்துக் கறிக்கடையில் காலை 6 மணிக்கு அறுக்கும் கோழியின் பின்சிறுகுடலை, குளிர்ந்த டைரோடு கரைசல் (உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்) நிறைந்த பிளாஸ்கில் வாங்கி வருகிறோம். முதல் வாரம் கடைக்காரர், “நாய்க்கா சார் கொண்டு போறிய?” என்று கேட்டார், இப்போது அவரே குடல் இழுபடாமல் பார்த்து வெட்டித் தருகிறார். இரண்டு சென்டிமீட்டர் துண்டின் இரு முனைகளிலும் குடல்வாய் மூடிவிடாதபடி சுவரின் ஓரத்தை மட்டும் ஊசியால் குத்தி நூல் கட்டி, ஒரு கிராம் இழுவிசையில் அரை மணி நேரம் அமைதிப்பட விட்டால், துண்டு தானாகவே மெல்லச் சுருங்கி விரியத் தொடங்கும்.

அசிட்டைல்கோலினுக்குத் தசை சுருங்குவதைக் காட்டி எழும் கோடுகள் இக்கருவியில் அழகாக விழுகின்றன. புகையேற்றிய தாளைச் சுற்றிய உருளையில் வார்னிஷ் பூசி விரல் கறுத்த தலைமுறைக்கு இதுவே பெரிய நிம்மதி. சப்ஸ்டன்ஸ் பி என்ற நியூரோபெப்டைடை ஊற்றியபோதுதான் கருவியின் குறைகள் தெரிந்தன.

இந்தப் பொருளின் வரலாறே ஒரு குடல் துண்டில் தொடங்கியது. 1931-இல் உல்ஃப் ஃபான் ஆய்லரும் ஜான் கேடமும் லண்டனில் குதிரையின் மூளையிலிருந்தும் குடலிலிருந்தும் எடுத்த சாறு முயலின் குடலைச் சுருங்கச் செய்ததையும், அசிட்டைல்கோலினின் விளைவைத் தடுக்கும் அட்ரோபின் கொடுத்த பிறகும் அச்சுருக்கம் நிற்காததையும் கண்டனர். ஆகவே அது அசிட்டைல்கோலின் அல்ல என்று தெளிவாயிற்று. 11 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு அது என்று உறுதிப்பட மேலும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. குடலின் நரம்பு வலைப்பின்னலிலிருந்து வெளிவரும் இது, தசைச் செல்லின் நியூரோகைனின் ஏற்பிகளில் (இத்தகைய பெப்டைடுகளை ஏற்கும் புரதங்களில்) ஒட்டிக்கொண்டு, செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்துகிறது. கால்சியம் கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, தசைப் புரதமான மயோசினுக்குப் பாஸ்பேட் ஏற்றும் நொதியைத் தூண்ட, தசை சுருங்குகிறது. இதே ஏற்பிக் குடும்பத்தில் ஒரு வகை நரம்புச் செல்களிலும் உள்ளது; அது அசிட்டைல்கோலினை வெளியிடச் செய்வதால், அட்ரோபின் விளைவை ஓரளவு குறைக்கலாம், முழுவதும் நிறுத்தாது. மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்: எங்கள் கோழிக்குடலில் அட்ரோபினுக்குப் பின் அசிட்டைல்கோலின் கோடு தரையோடு கிடந்தது, சப்ஸ்டன்ஸ் பி கோடு சற்றுக் குட்டையாக ஆனாலும் எழுந்து நின்றது.

ஆனால் அதே அளவை இரண்டாம் முறை ஊற்றியபோது கோடு பாதியாகக் குறைந்தது, மூன்றாம் முறை இன்னும் குறைந்தது. ஏற்பி விரைவில் மரத்துப்போவது இப்பெப்டைடின் இயல்பு என்பது தெரிந்ததே. என்றாலும் குற்றத்தில் பாதி கழிவுத் திருகினுடையது. அதன் துளை மிகக் குறுகலாக இருப்பதால் அறை காலியாக முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகிறது, அத்தனை நேரமும் பெப்டைடு தசையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அகலத் துளைத் திருகு பொருத்தி, மூன்று முறை கழுவி, பதினைந்து நிமிடம் இடைவெளி விட்ட பிறகுதான் ஒரே அளவுக்கு ஏறத்தாழ ஒரே உயரம் கிடைத்தது.

காற்றுக் குழாயின் வாய் திசுவுக்கு நேர் கீழே அமைந்திருப்பதால் குமிழ்கள் நூலில் மோதிக் கோட்டை நடுங்கச் செய்கின்றன; குழாயைச் சுவரோரம் வளைத்து இதைச் சரிசெய்தோம். கருவியோடு தரும் கண்ணாடிச் சிறுகுழாய்களை நீர்த்தலுக்குப் பயன்படுத்தவே கூடாது. நேர்மின்னேற்றம் கொண்ட இப்பெப்டைடு கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதால், மருந்தின் ஒரு பகுதி குழாய்ச் சுவரிலேயே தங்கிவிடும். பாலிபுரொப்பிலீன் குழாய்களும் சிறிது மாட்டு அல்புமின் புரதமும் போதும்.

வெப்பக் கட்டுப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் எங்கள் அறையே 37 டிகிரியைத் தாண்டிவிட, சூடேற்ற மட்டுமே தெரிந்த இக்கருவிக்கு வெப்பத்தைத் தணிக்க வழியில்லை; தொட்டியில் பனிக்கட்டி போட்டுச் சமாளித்தோம். மற்ற நாட்களில் மின்சாரம் போனால் வெப்பநிலை கீழே சரியும், ஆதலால் யுபிஎஸ் இன்றிப் பெப்டைடுப் பரிசோதனை வைப்பது வீண் செலவு. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றியதில் சூடேற்றியின் மீது வெள்ளைப் படிவு கட்டியது எங்கள் தவறு, அதைக் கருவியின் கணக்கில் எழுதக் கூடாது.

நிறுவனத்தின் சேவை மெத்தனம். திருகைப் பற்றி எழுதிய கடிதத்துக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கூடவே அதே குறுகிய துளை கொண்ட புதுத் திருகும் வந்தது. வேறு திருகை நாங்களே வெளியில் வாங்கிப் பொருத்தினோம். அந்தப் புதுத் திருகு உறை பிரிக்காமலே அலமாரியில் இருக்கிறது. கேட்டு எழுதுபவர்களுக்கு முதலில் அதைத்தான் படம் எடுத்து அனுப்புகிறேன்.