கிரவுன் விக்டோரியா: ரெண்டு வண்டி, இருபது வருஷத்துக்கு மேல ஓட்டின அனுபவம்

ஃபோர்டு கிரவுன் விக்டோரியா, அந்த பெரிய அமெரிக்க செடான் கார், அதப் பத்தி பேச்செடுத்தாலே யாராவது ஒருத்தர் "அது 1979ல வந்த அதே வண்டிதானே, கடைசி வரைக்கும் ஒண்ணையும் மாத்தலயே"ன்னு சொல்லிடுவாங்க. என்னால அத ஒத்துக்கவே முடியாது. 1997 மாடல் ஒண்ண ஒம்பது வருஷம் ஓட்டினேன், 2012ல 2007 மாடல், எல்எக்ஸ்ங்கற வகை ஒண்ணு வாங்கி இன்னிக்கு வரைக்கும் ஓட்டிட்டு இருக்கேன், ரெண்டுமே ஓஹையோல, கிளீவ்லண்ட் பக்கம். மேல பாத்தா அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், கீழ படுத்துப் பாத்தா வேற வேற வண்டி.

பேந்தர்னு பேரு வெச்ச பிளாட்ஃபார்ம் (வண்டியோட அடிப்படைக் கட்டமைப்பு) 1979 மாடல்ல ஆரம்பிச்சது உண்மைதான். லாரிக்கு இருக்கற மாதிரி தனி சேசிஸ், அது மேல பாடி, முன்னாடி வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்), பின்சக்கரம் தள்ளும். ஆனா 1992 மாடல்லயே பழைய 5.0 லிட்டர் இன்ஜின எடுத்துட்டு ஓவர்ஹெட் கேம் (வால்வ திறக்கற தண்டு இன்ஜின் தலைலயே இருக்கறது) வெச்ச 4.6 லிட்டர் வி8 போட்டாங்க, பாடியும் பெட்டி மாதிரி இருந்தது போயி வழவழன்னு ஆச்சு. என்னோட 97 அந்த தலைமுறை, 190 குதிரைசக்தி. ஊருக்குள்ள சொகுசுன்னா அப்படி ஒரு சொகுசு, பள்ளத்துல இறங்கினா ஒரு அமுங்கல் அவ்ளோதான். ஆனா ஹைவேல 70 மைல்ல போறப்ப ஸ்டியரிங்ல நடுவுல ரெண்டு விரல் அளவுக்கு ப்ளே இருக்கும், அவ்ளோ திருப்பினாலும் சக்கரம் அசையாது, நேரா போறதுக்கே கை சின்ன சின்னதா திருத்திக்கிட்டே இருக்கணும், வளைவுல குண்டும் குழியுமா ரோடு இருந்துட்டா பின்பக்கம் ஒரு எட்டு சைடுல நகர்ந்துட்டு வரும். பழகிட்டா பயமில்ல, ஆனா அம்மா அப்பா பின்சீட்ல இருந்தா மனசு பக்குன்னு ஆகும்.

இந்த நகர்றத 1998 மாடல்ல சரி பண்ணாங்க, வாட்ஸ் லிங்கேஜ்னு ஒரு அமைப்பு. பின் அச்சுக்கு நடுவுல ஒரு சுழலும் துண்டு, அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் சேசிஸுக்கு ஒவ்வொரு தண்டு. அச்சு மேலயும் கீழயும் போலாம், பக்கவாட்டுல நகர முடியாது. 2003ல வந்ததுதான் பெரிய மாற்றம், சேசிஸோட முன்பகுதிய ஹைட்ரோஃபார்மிங்ல (தண்ணி அழுத்தத்துல வளைச்சு) செஞ்ச இரும்பால புதுசா பண்ணி, ரீசர்குலேட்டிங் பால்ங்கற பழைய ஸ்டியரிங் அமைப்ப தூக்கிட்டு, பல்சக்கரம் நேரா ஒரு பல்தண்ட நகத்தற ரேக் அண்ட் பினியன் குடுத்தாங்க. 2007ஐ வாங்கின முதல் நாளே ஐ-90 ஹைவேல ஏறினதும் எனக்கு தெரிஞ்சுடுச்சு, கை சும்மா இருக்கு, வண்டி தானா நேரா போகுது. இன்ஜின் அதே 4.6தான், ஆனா இப்ப 224 குதிரைசக்தி.

இதுல நான் பட்ட அனுபவம் ஒண்ணு சொல்லணும். முதல் குளிர்காலத்துக்கு பழைய டயர் விக்கிற ஒரு கடைல ஸ்டீல் வீலோட ஸ்னோ டயர் செட் ஒண்ணு குடுத்தாங்க, "கிரவுன் விக் வீல்தான், கண்ண மூடிக்கிட்டு போடுங்க"ன்னு. அஞ்சு நட்டும் அழகா உக்காந்துச்சு, ஆனா இறக்கிவிட்டு பாத்தா டயர் ஃபெண்டர விட்டு வெளிய துருத்திட்டு நிக்குது, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா உரசுது. விசாரிச்சப்பதான் தெரிஞ்சுது, அது 2003க்கு முந்தின வீல். புது சஸ்பென்ஷனுக்காக வீலோட ஆஃப்செட்டையே, அதாவது வீல் எவ்ளோ உள்ள தள்ளி உக்காரணுங்கற அளவையே மாத்திட்டாங்க, அதனாலதான் 2003க்கு அப்புறம் வந்த வண்டில வீல் முகம் தட்டையா, கிட்டத்தட்ட டயரோட விளிம்பு மட்டத்துக்கே இருக்கும். ரோட்ல போற கிரவுன் விக் எந்த காலத்துதுன்னு இப்பல்லாம் நான் வீலப் பாத்தே சொல்லிடுவேன். காசு திரும்ப வரல.

பனிக்காலத்துல நல்ல ஸ்னோ டயர் இல்லாம இத எடுக்காதீங்க. டிக்கில பின் அச்சுக்கு மேல வர்ற மாதிரி ரெண்டு மணல் மூட்டை போட்டுக்குவேன், ஏத்தத்துல கிளம்பறப்ப அந்த வித்தியாசம் நல்லா தெரியும். டிக்கி 20 கன அடிக்கு மேல, நடுவுல ஆழமான குழி. ஊர்லேர்ந்து அம்மா அப்பா வந்தப்ப நாலு பெரிய சூட்கேஸையும் உள்ளயே வெச்சு மூடினேன், அப்பா டிக்கிய ரெண்டு தடவ திறந்து திறந்து பாத்தார்.

மைலேஜ் ஊருக்குள்ள 16, 17தான், ஹைவேல 24 குடுக்கும். 19 காலன் டேங்க், சிகாகோவுக்கு 350 மைல் நடுவுல நிறுத்தாம போயிடலாம். டேங்க் பின் அச்சுக்குப் பின்னாடி இருக்கறது ஒரு நிஜமான கவலை. பின்னாடி வேகமா வந்து இடிச்சு தீப்பிடிச்ச போலீஸ் வண்டி விபத்துகளுக்கு அப்புறம் 2002ல போலீஸ் வண்டிகளுக்கு தடுப்புத் தகடு போட ஃபோர்டு ஒத்துக்கிச்சு. வாங்கறவங்க அதையும் மனசுல வெச்சுக்கணும். 90களோட கடைசில வந்த பல வண்டில இன்ஜினுக்கு காத்து கொண்டுபோற பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு, கூலன்ட் போற இடத்துல விரியும், அந்த இடம் அலுமினியமா இருக்கான்னு பாத்து வாங்குங்க.

2007தான் அமெரிக்கால சாதாரண ஆளு ஷோரூம்ல வாங்க முடிஞ்ச கடைசி வருஷம், 2008லேர்ந்து போலீஸ், டாக்ஸி மாதிரி மொத்தமா வாங்கறவங்களுக்கு மட்டும்தான். கடைசி வண்டி 2011 செப்டம்பர்ல கனடால செயின்ட் தாமஸ் ஃபேக்டரிலேர்ந்து வெளிய வந்துச்சு, அதோட அந்த ஃபேக்டரியும் மூடிடுச்சு. எங்க ஊருக்கு நேரா ஈரி ஏரியத் தாண்டினா அந்தக் கரைப் பக்கம்தான். செய்தி படிச்சப்ப இன்னும் கைல 97தான் இருந்துச்சு, அந்த வாரமே 2007 ஒண்ணு தேட ஆரம்பிச்சேன்.

இப்ப ஓடோமீட்டர் 1,86,000 மைல். இன்ஜின்ல இதுவரைக்கும் கை வெக்கல, பெல்ட், பிளக், காயில் அவ்ளோதான். எனக்கு பயம் எல்லாம் பனி உருக ரோட்ல கொட்டற உப்புதான், சேசிஸ துருப்பிடிக்க வெச்சிடும், வருஷா வருஷம் ஏப்ரல்ல லிஃப்ட்ல ஏத்தி சேசிஸக் கழுவி, எங்கயாவது துரு அரிச்சிருக்கான்னு சுத்தியலால தட்டித் தட்டி சத்தம் கேட்டுப் பாக்கறேன். இந்த வருஷம் இடது பின்பக்கம் ஒரு இடத்துல சத்தம் கொஞ்சம் மந்தமா இருக்கு. வெல்டிங் பண்ற ஆள் ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.