இருபத்து சொச்சம் ரூபாய் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்: ஒன்பது தடவை போய் வந்தவனின் மதிப்புரை

போன மாதம் கோவில்பட்டியில் ஒரு கல்யாணம். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிய பைனாப்பிள் கேசரியா, பந்தி உட்காரும் முன்பே டம்ளரில் ஊற்றி வைத்திருந்த தண்ணீரா, எது வேலையைக் காட்டியது என்று தெரியாது. ராத்திரி பதினொன்றரைக்குப் பேதி ஆரம்பித்தது. விடிவதற்குள் ஒன்பது தடவை. கடைசி மூன்று தடவை வெறும் தண்ணீர்தான். கெண்டைக்கால் சதை பிடித்து இழுத்தது. "என்னங்க, கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு" என்றாள் வீட்டுக்காரி. ஓ.ஆர்.எஸ். (பேதியில் போன தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டக் குடிக்கிற கரைசல்) வாங்கப் பையனை மெடிக்கலுக்கு விரட்டினோம். அவன் இரண்டு சரக்கோடு வந்தான்: ஆப்பிள் சுவை டெட்ரா பேக் ஒன்று, 21.8 கிராம் ஆரஞ்சுப் பொடி பாக்கெட் ஒன்று. இரண்டையும் குடித்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். பிராண்ட் பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை.

முதலில் டெட்ரா பேக். உறிஞ்சினால் போதும், கலக்குகிற வேலை இல்லை, சுவையும் ஜோர். அரை மணி நேரத்தில் மறுபடி ஓட்டம். உட்கார்ந்த இடத்தில் லேபிளைப் படித்தேன்: 200 மில்லிக்கு இருபது கிராமுக்கும் மேல் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 200 மில்லியில் இருக்க வேண்டியது 2.7 கிராம் குளுக்கோஸ். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் அது தண்ணீர் விடுகிறதல்லவா, அந்த வேலையைத்தான் குடலுக்குள் போன பாகும் செய்கிறது. உடம்பிலிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில், இந்த ஃபார்முலாவுக்கு ஒத்துவராத பானங்கள் அட்டையில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போடக் கூடாது என்று சொல்லிவிட்டது. அட்டையில் எழுத்து போய்விட்டது, சரி. கடைக்காரர் வாயில் இருப்பதை யார் அழிப்பது? ஓ.ஆர்.எஸ். என்று கேட்டதற்குத்தான் பையனிடம் இதையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அடுத்தது பொடி. பின்பக்கத்தில் நாலே நாலு சாமான்: குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, சோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. கூட்டினால் 20.5 கிராம், மிச்சம் ஆரஞ்சு வாசனை வகையறா. 2002-லிருந்து உலகம் முழுக்க இந்தக் கணக்குதான். அதற்கு முன்னால் இருந்ததில் உப்பும் குளுக்கோஸும் கூடுதல்.

சுவை? முதல் டம்ளர் அமிர்தம். மூன்றாவது டம்ளரில்தான் உப்புக் கரித்தது. உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். நான் செய்த தப்பு, முதல் டம்ளரை மடக் மடக்கென்று குடித்தது; அப்படியே வாந்தியாக வந்தது. பத்து நிமிஷம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தேன், வாந்தி நின்றது. காலை எட்டு மணிக்குள் ஒரு லிட்டர் முடிந்தது. பேதி உடனே நிற்கவில்லை, மத்தியானம் வரை இருந்தது. ஆனால் தலைசுற்றல் போய், ஒன்பது மணிக்கு மஞ்சளாக ஒரு தடவை சிறுநீர் வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பேதியை நிறுத்துவது இந்தப் பாக்கெட்டின் வேலை இல்லை, போனதை ஈடுகட்டுவதுதான். அது தெரியாமல் ஒற்றை ஸ்டார் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

பேதி போய்க்கொண்டிருக்கும்போதே இது எப்படி உள்ளே ஏறுகிறது? பிளஸ் ஒன்னுக்கு விலங்கியல் நடத்துகிறவன் நான். குடல் ஹார்மோன் என்றால் காஸ்ட்ரின், செக்ரீடின், கோலிசிஸ்டோகைனின் என்று ஒப்பித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். தண்ணீர்க் கணக்குப் பார்க்கிற ஹார்மோன்களும் குடலில் உண்டு என்பதைப் படுத்துக்கொண்டே படித்தேன். தினமும் குடலுக்குள் வருவது சுமார் 9 லிட்டர். நாம் குடிப்பதும் சாப்பாட்டில் வருவதுமாக அதில் 2 லிட்டர்தான், மற்றது எச்சில், பித்தம், குடல்நீர் எல்லாம். மலத்தோடு வெளியே போவது ஒரு டம்ளருக்கும் குறைவு. எவ்வளவு சுரக்க வேண்டும், எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்பதில் கை வைக்கிறவர்களில் இருவர் குவானிலின், யூரோகுவானிலின். குடல் செல்லின் மேல் இவர்களுக்கென்று ஒரு பூட்டு இருக்கிறது. அதைத் திறந்தால் குளோரைடு குடலுக்குள் இறங்கும், பின்னாலேயே தண்ணீரும் இறங்கும். உப்பு அதிகமாகச் சாப்பிட்டால் யூரோகுவானிலின் ரத்தம் வழியாகச் சிறுநீரகம் வரைக்கும் போய் 'கூடுதல் சோடியத்தை வெளியே தள்ளு' என்று சொல்வதாகவும் சில ஆய்வுகள் காட்டுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், கள்ளச்சாவிதான் முதலில் அகப்பட்டது. சில ஈ.கோலை கிருமிகள் விடும் ஒரு நஞ்சு இதே பூட்டைத் திறக்கும், அதுவும் ஹார்மோனைவிடப் பல மடங்கு வலுவாக. கிருமிக்காகவா குடல் இப்படியொரு பூட்டை வைத்திருக்கும் என்று தேடிப் போனபோதுதான் 1992-ல் எலியின் குடலில் குவானிலினும், அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஒப்போசம் என்ற பைப்பாலூட்டியின் சிறுநீரில் யூரோகுவானிலினும் கிடைத்தன. கல்யாணப் பந்தி கேஸ்களில் மாட்டக்கூடிய ஆசாமிகளில் ஒன்று இந்த ஈ.கோலை. என்னுடையது அதுதானா என்று டெஸ்ட் எடுத்துப் பார்க்கவில்லை.

கள்ளச்சாவி வேலையில் இருக்கும்போது உப்பு தனியாக உள்ளே போகும் வழி அடைபடும். ஆனால் குளுக்கோஸோடு கைகோத்து வந்தால் வேறொரு வாசல் இருக்கிறது, அதில் நஞ்சின் பாச்சா பலிக்காது. இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ், சேர்ந்துதான் நுழைய முடியும். தண்ணீர் தானாகத் தொடரும். பாக்கெட்டில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே இருப்பது அதற்காகத்தான்; எடையில் இல்லை, துகள் எண்ணிக்கையில் பார்த்தால் இரண்டும் லிட்டருக்கு 75 மில்லிமோல், சரிசமம். அம்மா கொடுத்த உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் இதே வாசலில்தான் போயிருக்கிறது. கஞ்சியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகிவிடும். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா. ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோனதும் திலீப் மகாலனாபிஸ் என்ற டாக்டர் இதே மாதிரி உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த கரைசலை டிரம்மில் கலக்கி, குழாய் வைத்து, கூட வந்தவர்களையே பிடித்துக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 3.6 சதவீதமாகக் குறைந்தது. அவர் இறந்த பிறகு, 2023-ல்தான் பத்ம விபூஷண் வந்தது.

இனி குறைகள். '1 லிட்டர் தண்ணீரில்' என்ற வரி எறும்பு சைஸில் இருக்கிறது. பையன் முதலில் பாதிப் பொடியை ஒரு டம்ளரில் கொட்டிவிட்டான். நான் பார்த்ததால் தடுத்து, மிச்சப் பொடியோடு சேர்த்து ஒரு லிட்டராக்கச் சொன்னேன். டம்ளரில் கலக்கியபடியே குடித்தால் சோடியம் எகிறிவிடும், குழந்தைகளுக்கு ஆபத்து. லிட்டர் கணக்குக்குக் காலி தண்ணீர் பாட்டில்தான் கைகொடுத்தது. 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கீழே ஊற்ற வேண்டும் என்பதையும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதே சரக்கு இலவசம். சின்னப் பிள்ளைகளுக்கு 14 நாள் துத்தநாக மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள்.

அப்புறம், வெயிலுக்குக் குளுகுளு பானம் மாதிரி தினமும் குடிக்கிற சாமான் இல்லை இது, முக்கியமாக பிரஷர் உள்ளவர்களுக்கு. மலத்தில் ரத்தம் போனாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராவிட்டாலோ பாக்கெட்டை நம்பிக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். என் சக ஆசிரியர் ஒருவர் சர்க்கரைக்கு வாரம் ஒரு ஜிஎல்பி-1 ஊசி போடுகிறார். அதுவும் ஒரு குடல் ஹார்மோனின் நகல்தான். பசியோடு தாகத்தையும் குறைக்கும். "தாகமே எடுக்கலையே சார்" என்பார். அவரைப் போன்றவர்களுக்குப் பேதி வந்தால் தாகம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

டெட்ரா பேக்குக்கு ஐந்துக்கு ஒரு ஸ்டார். பொடிக்கு நாலரை, குறைந்த அரை, எறும்பு எழுத்துக்காகப் பிடித்தது. ஐந்து பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். ஆவணியில் இன்னும் மூன்று கல்யாணம் பாக்கி.