சேஜ்மேத்தில் போசெட் கணக்கு: தாராளமாக நம்பலாம், இரண்டு இடத்தில் மட்டும் கவனம்

போசெட்டுகளை, அதாவது சில உறுப்புகளுக்கு இடையே மட்டும் மேல்-கீழ் உறவு இருக்கக்கூடிய பகுதி வரிசைக் கணங்களை, வைத்துக் கணக்குப் போடுகிற மாணவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது சேஜ்மேத்தைத்தான். 2005-ல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய திறந்த மூலக் கணித மென்பொருள், காசு கிடையாது, கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் போதும். விண்டோஸில் இப்போதைய பதிப்பை டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாகப் போட வேண்டியிருக்கும், இடமும் நிறைய எடுக்கும்; அது வேண்டாம் என்றால் சேஜ்மேத்செல் பக்கத்தில் பிரவுசரிலேயே ஓட்டிப் பார்க்கலாம், சின்ன போசெட்டுக்கு அதுவே தாராளம்.

இதன் அருமை தெரிய ஓர் உதாரணம். மூன்று உறுப்புள்ள கணத்தின் உட்கணங்களை எடுத்தால் எட்டு உறுப்புள்ள பூலியன் போசெட் கிடைக்கும், தரவாரியாக, அதாவது அடியிலிருந்து எத்தனையாவது படி என்று பிரித்து, எண்ணினால் 1, 3, 3, 1. இன்னொரு போசெட்டிலும் அதே 1, 3, 3, 1 தான், ஆனால் நடுவில் கீழ்வரிசை மூன்றும் மேல்வரிசை மூன்றுக்கும் கீழே வருகிற மாதிரி எல்லாக் கோடும் போட்டுவிடுகிறோம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒவ்வோர் உறுப்புக்கும் நேர் மேலே எவை என்று ஓர் அகராதியாகக் கொடுத்துவிட்டு மோபியஸ் சார்பைக் கேளுங்கள் (அடிக்கு 1 கொடுத்து, மேலே ஒவ்வோர் உறுப்புக்கும் அதற்குக் கீழுள்ளவற்றோடு கூட்டினால் பூஜ்யம் வரும்படி எண் தருவது), அடியிலிருந்து உச்சிக்கு முதலாவதற்கு -1, இரண்டாவதற்கு -4. ஜீட்டா பல்லுறுப்புக்கோவை கீழிறங்காமல் போகிற உறுப்பு வரிசைகளை எண்ணுவது; அதில் 2 போட்டால் இரண்டுக்கும் 8 வரும், 3 போட்டால் 27-ம் 30-ம் எனப் பிரிந்துவிடும். ஆய்லரியனா (எந்த இரண்டு வேறு உறுப்புக்கு நடுவிலும், அவற்றையும் சேர்த்து, ஒற்றைத் தர உறுப்புகளும் இரட்டைத் தர உறுப்புகளும் சமமா) என்று கேட்டால் முதலாவதற்கு ஆம், மற்றதற்கு இல்லை. எல்லாமே ஒவ்வொரு வரிதான்.

ஃப்ளாக் எஃப் பல்லுறுப்புக்கோவையில்தான் முதல் கவனம். சங்கிலிகள், அதாவது ஒன்றுக்கு மேல் ஒன்றாக வரும் உறுப்புகள், எந்தெந்தத் தரத்தில் நிற்கின்றன என்று பிரித்து எண்ணுவது இது. தரம் 1, 2 இரண்டிலும் நின்று போகிற சங்கிலிகள் பூலியனில் 6, மற்றதில் 9. சேஜ் இதைச் சரியாகவே தரும், ஆனால் உச்சி உறுப்பையும் எப்போதும் சேர்த்து எழுதுவதால் பல்லுறுப்புக்கோவையின் ஒவ்வோர் உறுப்பிலும் எக்ஸ்3 (உச்சியின் தரமான 3-க்கான மாறி) ஒட்டிக்கொண்டு வரும். பாடநூல் வழக்கத்தோடு ஒப்பிடும்போது அதை நீக்கிவிட்டுப் படியுங்கள். அதோடு, அடியும் உச்சியும் இல்லாத போசெட்டைக் கொடுத்தால் பிழைச் செய்திதான் வரும், அது நல்லதுதான், தப்பான விடையைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது கவனம் வரிசைச் சிக்கலகத்தில், அதாவது போசெட்டின் சங்கிலிகளைப் புள்ளி, கோடு, முக்கோணம் என்று ஒட்டிக் கட்டுகிற வடிவத்தில். போசெட்டை அப்படியே கொடுத்து ஹோமாலஜி (வடிவத்தின் ஓட்டைகளை எண்ணுவது) கேட்டால் எல்லாம் பூஜ்யமாகவே வரும், ஏனென்றால் அடியும் உச்சியும் இருக்கிற வரை அது சுருங்கி ஒரு புள்ளியாகிவிடும். 'வித்தவுட் பவுண்ட்ஸ்' போட்டு அவை இரண்டையும் எடுத்துவிட்டுக் கேளுங்கள்: பூலியனுக்கு ஓர் அறுகோணம், ஒரே ஓட்டை, மற்றதற்கு மூன்றுக்கு மூன்று முழு இருகூறு வரைபடம், நான்கு ஓட்டை. மேலே வந்த -1, -4 எங்கிருந்து வந்தன என்று இங்கே கண்ணால் பார்க்கலாம், ஃப்ளாக் எஃப் எண்களைக் கூட்டிக் கழித்துக் கிடைக்கிற ஃப்ளாக் எச்-இன் கடைசிக் கெழுவும் அதே 1, 4 தான். சங்கிலிகளை நீளவாரியாகக் கூட்டிக் கழித்தால் மோபியஸ் மதிப்பு வரும் என்கிற ஃபிலிப் ஹாலின் தேற்றத்தை வகுப்பில் வெறும் சூத்திரமாகப் படித்துவிட்டுப் போன பிள்ளைகளுக்கு இந்த ஓர் இடத்தைக் காட்டினாலே போதும் என்பது என் கருத்து.

அப்புறம், 'கிரேடட்', 'ரேங்க்ட்' இரண்டையும் சேஜ் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. நேர் மேலே போனால் ஒன்று கூடும்படி தரம் கொடுக்க முடிந்தால் (தரச்சார்பு இருந்தால்) ரேங்க்ட், எல்லா உச்சச் சங்கிலியும், அதாவது இனி உறுப்பு சேர்க்க முடியாத சங்கிலியும், ஒரே நீளமாக இருந்தால்தான் கிரேடட். ஒரு சங்கிலியும் பக்கத்தில் ஒட்டாமல் நிற்கிற ஒரு புள்ளியும் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

பெரிய போசெட்டில் சங்கிலிகளையே பட்டியல் போடக் கேட்காதீர்கள். பத்து உறுப்புக் கணத்தின் பூலியனில் உச்சச் சங்கிலிகள் மட்டுமே 36,28,800. மெக்காலே2 என்ற இயற்கணித மென்பொருளில் ஏற்கெனவே வேலை செய்கிறவர்களுக்கு அங்கேயும் போசெட்டுக்கென்று ஒரு தொகுப்பு இருக்கிறது, இதற்காக மாறி வர வேண்டிய அவசியமில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் சேஜிலேயே தொடங்கலாம்.